அண்ணன் வண்டியில் வந்தவர்

அச்சரப்பாக்கம் டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தவர் மூன்றாவது டீ கேட்டார். சட்டையெல்லாம் புழுதி.

“இன்னா அண்ணாத்த, வூட்டுக்குப் போவ மனசில்லியா?” என்றார் கடைக்காரர்.

“செங்கல்பட்டுல நின்னேன், மதுராந்தகத்துல நின்னேன். இது எங்க அண்ணன் வண்டி, இதுலதான் பட்டணம் போனாரு. காலைல அங்க ஆஸ்பத்திரியில திடீர்னு செத்துப் பூட்டாரு. சாயங்காலம் லாரியில கொண்டாராங்க. அண்ணிக்கு நான்தான் முன்னாடி போய்ச் சொல்லணும்.”

“சொல்லித்தானே ஆவணும்.”

“வண்டி சத்தம் கேட்டா, அவருதான் வந்துட்டாருன்னு வாசலுக்கு ஓடியாருவாங்க.”

கடைக்காரர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார்.

“அப்போ ஊருக்கு வெளியவே என்ஜினை நிறுத்திடு. தள்ளிக்கினு போ.”

வந்தவர் டீயைத் தொடாமல் எழுந்து, கடை வாசலிலிருந்தே வண்டியைத் தள்ளத் தொடங்கினார்.

“இங்கேருந்தேவா? உங்க ஊருக்கு இன்னும் மூணு மைலு கீதே.”

“அதுவரைக்குமாவது அவங்க நிம்மதியா இருக்கட்டும்.”