நான்கு எண்களே போதும் என்று எழுதிய மனு

அவைக்குத் தலைமையேற்று அணிசெய்யும் ஐயா ராமமூர்த்தி அவர்களே, ஆனையூர் முதல் சமயநல்லூர் வரை கம்பம் ஏறிக் கம்பி இழுத்து வீடுகளுக்கு இணையம் தரும் கேபிள் தோழர்களே, காளவாசல் நெரிசலில் நீந்தி இம்மண்டபம் சேர்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் வழக்கறிஞன். ஆதாரமின்றி எவர்மீதும் குற்றம் சொல்ல மாட்டேன். இன்று சொல்லும் குற்றத்தில் என் பங்கும் உண்டு.

சமயநல்லூர் காசிமாயன் இருநூறு வீடுகளுக்கு இணையம் தருகிறவர். இணையத்தில் இயங்க ஐ.பி. எனும் முகவரி எண் வேண்டும். அவரிடம் சொந்த எண் இல்லை. பெரிய நிறுவனம் ஒன்றிடம் நான்கு எண்களை இரவல் பெற்று, ஓர் எண்ணுக்கு ஐம்பது வீடென்று சிக்கனமாக ஓட்டினார். அந்த நிறுவனமே அவ்வூரில் இணையம் விற்கக் கடை விரிக்க வந்தது. இரவலை எப்போதும் திரும்பக் கேட்கலாம் என்பது ஒப்பந்தம். எனவே எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு மனு எழுத என்னிடம் வந்தார்.

“வக்கீலண்ணே, உள்ளத உள்ளபடி எழுதுங்க. நாலே நம்பர்ல இருநூறு வீட்ட ஓட்டுறேன்ல, அதப் பாத்தாலே குடுத்துருவாங்க” என்றார்.

எழுதினேன். அந்தச் சிக்கனத்தையே தகுதியென்று முதல் பத்தியில் பெருமையாக எழுதினேன்.

பதில் வந்தது. குறைந்தபட்ச ஒதுக்கீடே நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எண்களாம். கால்பங்கையேனும் உடனே பயன்படுத்துவோருக்கே தருவார்களாம். மனுதாரர் தேவையோ நான்குதானாம்!

வீட்டுக்கு ஆறு எண்ணென்று விரயம் செய்தவருக்குத் தகுதி. ஒன்றையும் வீணாக்காதவருக்குத் தடை! இது ஒதுக்கீடா? ஒதுக்கிவைப்பதா? விதி எல்லோருக்கும் பொது என்கிறார்கள். பன்னிரண்டடி உயரத்தில் பொருத்திய குடிநீர்க் குழாயும் பொதுதான் ஐயா!

வேறு நிறுவனத்திடம் வாங்கலாமே என்பீர்கள். அதுவும் இரவல்தானே?

காசிமாயனிடம் அந்தப் பதில் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “அப்ப நான் ஊதாரியா இருந்திருக்கணும்ங்கிறாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுவாரமே எண்களைத் திருப்பித் தரச்சொல்லி நிறுவனத்தின் அறிவிப்பு. முப்பது நாள் அவகாசத்தில் எஞ்சியிருப்பவை பதினொன்று. அறிவிப்பில் சட்டப் பிழை தேடினேன்; ஒரு காற்புள்ளிகூடச் சிக்கவில்லை.

என்ன கேட்கிறீர்கள்? ஆயிரத்துக்கு மேல் எண் வேண்டுமென்று பொய் எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா என்றா? நண்பரே, அப்படி எழுதச் சொல்ல இம்மேடையிலும் முடியாது, என் அலுவலகத்திலும் முடியாது. ஆனால் உண்மை எழுதியதால்தான் அவர் தோற்றார் என்பதை எங்கும் சொல்வேன்.

ஆகவே கேட்கிறோம்: எண்களை எண்ணாதீர்கள், வீடுகளை எண்ணுங்கள்! இருநூறு வீடு உள்ளவனுக்கும் அவன் அளவுக்கேற்ற ஒதுக்கீட்டைக் கொடுங்கள்! இந்தக் கோரிக்கை மனு வாசலில் இருக்கிறது. இதற்குப் பதில் வர ஆறு மாதம் ஆகலாம். காசிமாயனுக்கு இருப்பது பதினொரு நாள். அது தெரிந்தே முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

மனுவில் அவர் பெயருக்குக் கீழே இரண்டாம் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.