வடித்துக் கொட்டும் தண்ணீர்

வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் போகிற காலை பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்துவிட்டால், அன்றைக்கு எனக்கு எல்லாமே நல்லபடியாக நடக்கும், மேடம்.

இந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பிக்கும்வரை எனக்கு பஸ்ஸே கிடையாது என்று சொல்லலாம். என் வீட்டுக்காரர் வீரமணி தங்கமானவர். நான் வாசற்படி தாண்டுவது மட்டும் அவருக்குப் பிடிக்காது. என் தம்பி கல்யாணத்துக்கே தாலி கட்டுகிற நேரத்துக்குக் கூட்டிப்போய், பந்தி போடுவதற்குள் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். அப்புறம் அவருக்கு இரண்டு கிட்னியும் போனது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் போனேன்.

உள்ளே மெஷின் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். வெளியே பெஞ்சில் நானும் அரும்பாவூர் சுகன்யாவும். அவள் புருஷன் செந்தில்குமார் பக்கத்துக் கட்டில். டாக்டர் நடப்பதுபோல் சுகன்யா நடந்து காட்டுவாள், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். நர்ஸ் வந்து அதட்டுவார். வடை தின்போம், வளையல் கடை பார்ப்போம். எனக்கு இவ்வளவு சிரிக்க வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

அவரையும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். காயோ கிழங்கோ, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைப்பேன். "அந்தத் தண்ணியிலதாம்மா பொட்டாசியம் எல்லாம் எறங்கியிருக்கும். இவரு குடிச்சா நெஞ்சு நின்னுடும்" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஒரு நாளும் மறந்ததில்லை. கொல்லையில் முருங்கைக்கு ஊற்றுவேன். மரம் செழித்துப்போனது.

அப்போதுதான் என் நாத்தனார் ஒரு கிட்னி தருகிறேன் என்று முன்வந்தாள். பொருந்தியும் விட்டது. திருச்சியில் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இனிமே நீ அலைய வேணாம் பரிமளா. வூட்டோட இருந்துக்கலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தப் பெஞ்சும் சுகன்யாவும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள்.

அன்று கிழங்கு வடித்த தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. அதிலேயே தக்காளி கரைத்து ரசம் வைத்தேன். தண்ணீரையே அளந்து குடிக்கிற மனுஷன், இன்னும் ஊற்று என்று கேட்டு வாங்கிக் குடித்தார். ராத்திரியே படபடப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் தள்ளிப்போனது. இளநீர், வாழைப்பழம் ஏதாவது கொடுத்தாயா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதானே. மறுவாரம் அதே பஸ், அதே பெஞ்ச்.

மறுபடியும் தேதி குறித்தார்கள். நானும் மறுபடியும் ரசம் வைத்தேன். அந்தத் தடவை கொஞ்சம் கூடிப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நிஜமாகவே அழுதேன், மேடம். அவர் சாக வேண்டும் என்று நான் நினைப்பேனா? மறுநாள் திங்கட்கிழமை, நாங்கள் பெரம்பலூர் போக வேண்டிய நாள்.

காரியம் முடிந்ததும் தனியாகவே பஸ் ஏறினேன். சுகன்யா என்னைக் கட்டிக்கொண்டாள். பெஞ்சில் என் இடத்தை அப்படியே விட்டு வைத்திருந்தாள். புருஷன் இல்லாவிட்டாலும் வரலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன புதன்கிழமை சுகன்யா ஒரு சந்தோஷச் செய்தி சொன்னாள். செந்தில்குமாருக்கு அவர் அண்ணன் கிட்னி தருகிறாராம். அடுத்த மாதம் ஆபரேஷன், அதோடு இவர்கள் வரத்து நின்றுவிடும். எனக்கும் சந்தோஷம்தான். அதனால்தான் இன்றைக்கு ஃபிளாஸ்க்கில் ரசம் கொண்டுபோனேன். செந்தில்குமார் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார். சுகன்யா பக்குவம் கேட்டாள். அவளிடம் எனக்கென்ன ஒளிவுமறைவு, சொன்னேன். ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. டம்ளரைத் தட்டிவிட்டாள். போலீசுக்குப் போன் போட்டு உங்களையும் அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

செந்தில்குமார் பிழைத்துக்கொள்வார் என்கிறீர்கள். ரொம்ப நல்லது. ஆபரேஷன் தள்ளித்தானே போகும்?

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். அந்த ஃபிளாஸ்க்கை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் மேடம். திங்கட்கிழமைக்கு வேண்டும்.