ஸ்பீக்கர் அக்கா கேட்காமல் போன சேதி

மேடையில் இருக்கும் பெரிய டாக்டரம்மா அவர்களே, தலைமை நர்ஸ் அவர்களே, அக்காவின் மகளே, நாற்காலி கிடைக்காமல் மாடிப்படி வரைக்கும் நிற்கும் அம்மாக்களே, அப்பாக்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் இந்த ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்கிறவள். மைக் முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. ஆனால் இன்றைக்கு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அழுகையும் வருகிறது, குதிக்கவும் தோன்றுகிறது. நம் காப்பீட்டு மேசை எழுத்தர், நம் ஸ்பீக்கர் அக்கா, செவ்வாய்க்கிழமை கண்ணை மூடினார். வியாழக்கிழமை அரசாங்க ஆணை வந்துவிட்டது! ஆறு வருஷம் அவர் எழுதி எழுதிக் கேட்ட ஆணை! இரண்டே இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா, அக்கா?

மூன்றாவது வரிசையில் கைக்குழந்தையோடு தையல்காரத் தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்காகத்தான் நான் இவ்வளவு அவசரப்படுகிறேன். இரு தங்கச்சி, வருகிறேன்.

ஸ்பீக்கர் அக்கா என்று பெயர் வந்தது எப்படி? என் மகளுக்கு மூச்சிரைப்பு. ஒருநாள் மருந்து வாங்க வந்தால், அவளுடைய காப்பீட்டு அட்டை ரத்து என்றார்கள். அக்கா தன் போனை எடுத்தார், காப்பீட்டு அலுவலகத்துக்கு அடித்தார், ஸ்பீக்கரில் போட்டார். வரிசையில் நாற்பது பேர்.

“புதுப்பிக்கச் சொல்லி லெட்டர் போட்டோமே, பதிலே வரல.”

“எந்த விலாசத்துக்கு சார் போட்டீங்க?”

அந்தப் பக்கத்து அதிகாரி வாசித்தார். நான் பின்னாலிருந்து கத்தினேன்: “அந்த வீட்டையே இடிச்சு ஒரு வருஷம் ஆச்சுங்க! லெட்டரை யாரு வாங்குவா, செங்கல்லா?”

வரிசையே சிரித்தது. அந்தப் பக்கம் அவர் பதறிப்போனார். “யாருங்க அது சிரிக்கிறது?”

“நாப்பது அம்மாங்க சார். எடுத்ததுமே சொன்னேனே, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்னு.”

மத்தியானத்துக்குள் அட்டைக்கு உயிர் வந்துவிட்டது!

“ஏன்க்கா எல்லார் முன்னாடியும்?” என்று கேட்டேன். “நான் தனியாக் கேட்டா, ஏதோ எனக்காகச் செய்யற மாதிரி ஆயிடுதுடி. உங்க பிள்ளைங்களுக்குச் சேர வேண்டியது. என்ன பதில் சொல்றாங்கன்னு நீங்களும் கேளுங்க” என்றார்.

வீடு மாறுகிறவர்கள் யார்? நாம்தானே! வேலை போனால் மாறுகிறோம், வாடகை ஏறினால் மாறுகிறோம். அதற்குக் குழந்தைக்கா தண்டனை? ஆள் இல்லை என்று திரும்பி வந்த கடித உறைகளைக் கேட்டு வாங்கி, அரிசிச் சாக்கில் கட்டி, பெரிய அதிகாரிகள் கூட்டத்தில் மேசைமேல் கொட்டினாரே அக்கா! யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்?

இப்போது ஆணை என்ன சொல்கிறது? பதில் வராத ஒரே காரணத்துக்காக எந்தக் குழந்தையின் அட்டையையும் நிறுத்தக் கூடாது. நிறுத்திய அட்டையைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். கேட்ட அன்றே! ஆனால் யாராவது கேட்க வேண்டும் அல்லவா?

தங்கச்சியின் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. திங்கட்கிழமை ஆபரேஷன். அட்டை இந்த நிமிஷம்வரை ரத்து. புதன்கிழமை அக்கா பேசுவதாக இருந்தது. இன்று வெள்ளி. அலுவலகம் மூட இன்னும் ஒரு மணி நேரம்.

அக்காவின் மகள் காலையில் அக்காவின் போனை என் கையில் கொடுத்தாள். “இந்த நம்பரைப் பாத்தா காப்பீட்டு ஆபீஸ்ல எழுந்து நின்னு எடுப்பாங்க” என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கேட்கத் தெரியும். இனி தினமும் வேலை முடிந்ததும் அந்த மேசையில் நான் உட்காருவேன். டாக்டரம்மா சம்மதித்துவிட்டார். என்னோடு உட்கார வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள். அம்மாடி, இத்தனை கைகளா!

மௌன அஞ்சலி இப்போதே தொடங்கட்டும். யாரும் பேசாதீர்கள், அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டேன், மணி அடிக்கிறது. குழந்தை மட்டும் அழட்டும், பரவாயில்லை.

“வணக்கம் சார். இல்லைங்க, அக்கா இல்ல. அவங்க மேசையில இருந்து பேசறேன். முதல்லயே சொல்லிடறேன் சார்... ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.”