கீரைக்கு எடுத்த எக்ஸ்-ரே

கீரைக்கு எக்ஸ்-ரே எடுத்த கதையைக் கேட்டிருக்கீங்களா?... சிரிக்காதீங்க, நிஜமாத்தான் கேக்குறேன். சின்னக் கதைதான். பெத்தவங்க கூடியிருக்கிற இடத்துல சொல்ல வேண்டிய கதை.

தமயந்தின்னு ஒரு ஆராய்ச்சி மாணவி. அவளுக்கு ஒரு கேள்வி. நாம இழுக்கிற ஆக்சிஜன் எங்கேர்ந்து வருது? இலை வெயில்ல நின்னுக்கிட்டே தண்ணியைப் பிளக்குது... எதை வெச்சுப் பிளக்குது? அதுக்குள்ள ஒரு நொதி, அதான் என்சைம். அந்த நொதிக்குள்ள நாலே நாலு மாங்கனீசு அணு! அந்த அணுக்கள் எந்த நிலையில இருக்கு? எக்ஸ்-ரே பாய்ச்சினா, உலோகம் அதை எப்படி உறிஞ்சுதுன்னு திரையில ஒரு கோடு வரும். அந்தக் கோடு சொல்லிடும்.

பெரிய எக்ஸ்-ரே இயந்திரம். அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் அவளுக்கு. விட்டா அடுத்த வருஷம்! பாலக்கீரையிலேர்ந்து பிரிச்செடுத்த நொதியை உறைய வெச்சு உள்ள வெச்சா. முதல் கோடு... மங்கல், நடுக்கம். "ச்சே!"ன்னு ஒதுக்கிட்டா. அதே இடத்துல திரும்பப் பாய்ச்சினா. இன்னும்... இன்னும்... அடடா, பளிச்சுன்னு ஒரு கோடு!

"நஸ்ரின், ஓடி வாடி! என் தீசிஸ் முடிஞ்சுது!"

கூட வேலை செய்யற நஸ்ரின் வந்து பார்த்தா. "அழகாத்தான்டி இருக்கு. முதல் கோடு எங்க?"

"அது குப்பைடி."

"குப்பையைக் கிளறு, பார்ப்போம்."

ரெண்டு கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சாங்க. பளிச் கோடு கொஞ்சம் தள்ளி நகர்ந்திருக்கு!

"ஏன்டி, உன் கீரைக்குக் கால் முளைச்சிருச்சா?"

தமயந்தி திரும்ப இயந்திரத்துக்கு ஓடினா. எக்ஸ்-ரே படாத புது இடத்துல, கண் சிமிட்டுற நேரம் மட்டும் பாய்ச்சினா. மங்கல் கோடு. இன்னொரு புது இடம். அதே மங்கல் கோடு... திரையில முதல் கோடு இருந்த அதே இடத்துல!

அப்போ அந்தப் பளிச் கோடு?... எக்ஸ்-ரே பட்டுப் பட்டு மாங்கனீசே மாறிப்போச்சுங்க. தன் வெளிச்சம் செஞ்ச சேதத்தைப் பார்த்துத்தான் அவ குதிச்சிருக்கா!

சாயங்காலம் வரைக்கும் புதுப் புது இடமாத் தேடி, துளித் துளியாப் பாய்ச்சினா. மங்கல் கோடுகளை எல்லாம் ஒண்ணாச் சேர்த்தா... மெல்ல மெல்ல ஒரு கோடு தெளிஞ்சு வந்துச்சு. அது இலையோட கோடு.

இப்போ உங்களைக் கேக்குறேன். பிள்ளை வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் என்ன பாய்ச்சுறோம்? "மார்க் என்ன? ஏன் குறைஞ்சுது? யாரோட சுத்துன?" அது திக்கித் திக்கி என்னமோ சொல்ல வருது. "ஒழுங்காச் சொல்லு!" அப்புறம் தெளிவா ஒரு பதில் வருது... "இனிமே நல்லாப் படிக்கிறேம்மா." நமக்கும் திருப்தி. அது யாரோட பதில்?... நாம பாய்ச்சினது திரும்பி வருது, அவ்வளவுதான்.

இன்னிக்குப் போய்க் கொஞ்சமாக் கேளுங்க. திக்கினா... விடுங்க, நாளைக்கும் கொஞ்சம் கேளுங்க. ஆனா அந்தத் திக்கலை மட்டும் குப்பைன்னு ஒதுக்கிடாதீங்க. உங்க பிள்ளை அதுலதான் இருக்கு.