இரண்டு கேபியில் ஒரு வாழ்க்கை

— திரும்பத் திரும்ப அதையே தட்டினா வந்துருமா? மவுஸ் பாவங்க, விடுங்க.

— நீ உன் தையல் மிஷினைப் பாரு. அடிப்படையில இது ஒரு சின்னத் தொழில்நுட்பச் சிக்கல். பிரின்சிபாலா இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

— அப்புறம் ஏன் காது ரெண்டும் சிவந்திருக்கு?

— வெள்ளையா இருக்கும்மா.

— எது, காதா?

— பக்கம்! எழுதுற சாஃப்ட்வேரை நானே முறைப்படி இந்தப் புதுக் கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ணினேன். திறந்தா ஒரே வெள்ளைப் பக்கம். என் சுயசரிதை முந்நூத்திப் பன்னெண்டு பக்கமும் எங்க போச்சு?

— அதை எங்க வச்சீங்க?

— அந்த சாஃப்ட்வேர்லதானே மூணு வருஷமா எழுதினேன்? அடிப்படையில அதுக்குள்ளதானே இருக்கணும்?

— ஏங்க, புதுத் தையல் மிஷின் வாங்கினா, பழைய மிஷின்ல தைச்ச சட்டையெல்லாம் அதுக்குள்ள மடிச்சா வச்சிருப்பாங்க?

— உவமையெல்லாம் வேண்டாம்.

— உங்க புத்தகத்துல பக்கத்துக்கு மூணு இருக்கு, நான் ஒண்ணு சொன்னா ஆகாதா?

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— சத்தமா வாசிச்சுக்கிட்டே எழுதினா தெருவுக்கே தெரியும். இங்க பாருங்க, மிஷின் வேற, தைச்ச துணி வேற. நீங்க இன்ஸ்டால் பண்ணினது மிஷினு. சேவ் பண்ணி வச்ச ஃபைல்தான் துணி. அதைத் தனியா எடுத்துட்டு வரணும்.

— வந்தேனே! பென் டிரைவ்ல போட்டேன். இதோ, ‘என் வாழ்க்கைப் பயணம்’. தட்டினா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது.

— தள்ளுங்க, கண்ணாடியைப் போட்டுக்கிறேன். ஐயோ என் சாமி. ஃபைலோட அளவே ரெண்டு கேபிதாங்க இருக்கு.

— அது கம்மியா?

— ஒரு குழந்தை கவுனுக்கு நான் அளவு எழுதி வச்ச ஃபைலே முப்பது கேபி.

— நான் எதையும் சுருக்கமா எழுதுறவன். அதான்னு நெனச்சேன்.

— நீங்களா? உங்க ஓய்வு விழாவுல நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள டீயை மூணு தடவை சூடு பண்ணினாங்க. இது ஃபைலே இல்லீங்க, ஷார்ட்கட். புத்தகம் அங்க இருக்குன்னு கை காட்டுற பலகை. வீட்டைக் காலி பண்ணும்போது பெயர்ப்பலகையை மட்டும் கழட்டிட்டு வந்திருக்கீங்க.

— வீடு?

— பழைய கம்ப்யூட்டருங்க. அதைத்தான் காலையில புதுசுக்கு மாத்தா கடையில குடுத்துட்டு வந்தீங்களே. போன் பண்ணுங்க.

— ரெண்டு தடவை பண்ணிட்டேன். மதியமே எல்லாத்தையும் சுத்தமா அழிச்சுட்டாங்களாம்.

— ஃபைலெல்லாம் எடுத்தாச்சான்னு கடைக்காரர் ஒரு வார்த்தை கேக்கலையா?

— கேட்டாரு.

— என்ன சொன்னீங்க?

— ‘ரெண்டாயிரம் மாணவர்களைக் கட்டி மேய்ச்சவன்கிட்ட கேக்குற கேள்வியா இது’ன்னேன்.

— நல்லாக் கேட்டீங்க போங்க.

— சிரிக்காதே. நாளைக்குக் காலையில அச்சகத்துல குடுக்கணும். ஞாயித்துக்கிழமை வெளியீடு. பழைய மாணவர்கள் அத்தனை பேருக்கும் அழைப்பு போயாச்சு.

— வெள்ளைப் பக்கமாவே போட்டுருங்க. எல்லாரும் கடைசிவரைக்கும் புரட்டுவாங்க.

— அம்மா தாயே, இன்னிக்கு ஒருநாள் விட்டுடு.

— சரி, சரி. முகத்தை அப்படி வச்சுக்காதீங்க. மறுபடி எழுத முடியாதா?

— மத்த பதினேழு அத்தியாயமும் போனா போகட்டும்மா. எந்தக் கமிட்டியில இருந்தேன், எந்த மந்திரி என் கையைக் குலுக்கினாரு... யார் வேணா எழுதலாம். கடைசி அத்தியாயம்தான். போன வியாழக்கிழமைதான் முடிச்சேன். அதை இன்னொரு தடவை எழுத எனக்குத் தைரியம் வராது.

— அப்படி என்ன இருக்கு அதுல?

— ஒண்ணுமில்லை.

— ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு கலங்குது?

— கோட்டு.

— எந்தக் கோட்டு?

— பிரின்சிபால் இன்டர்வியூவுக்குப் போட்டுட்டுப் போனேனே, சாம்பல் கலர். யார் கேட்டாலும் ‘பெரிய கடையில சொல்லித் தைச்சது’ம்பேன்.

— ஆமா. நான் பக்கத்துல நிக்கும்போதே சொல்வீங்க.

— உங்கண்ணன் போட்டுக் கழிச்ச கோட்டு அது. தோளைப் பிரிச்சு, உள்துணியை மாத்தி, ரெண்டே நாள்ல எனக்குன்னு அளவெடுத்த மாதிரி ஆக்கினே. விரல்ல ஊசி ஏறிச்சு உனக்கு. உள்துணியில ஒரு சொட்டு ரத்தம் இன்னும் இருக்கு. இன்டர்வியூவுல அவங்க கேள்வி கேக்கக் கேக்க படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. உள்ள கையை விட்டு அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம்தான் வாயே திறந்துச்சு. அதைத்தான் எழுதினேன். இத்தனை வருஷமா நான் சொன்னது பொய், என்னை ஆளாக்கினது என் பொண்டாட்டி கையில இருந்த ஊசின்னு. உன்னை முன்வரிசையில உக்கார வச்சுட்டு வாசிக்கணும்னு இருந்தேன்.

— இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமே.

— மேடையில வாசிச்சா கம்பீரமா இருக்கும்னு நெனச்சேன்.

— இப்ப சொன்னீங்களே, ஒரு ‘அடிப்படையில’கூட இல்லாம. நல்லாத்தாங்க இருந்துச்சு.

— இருந்து என்ன பிரயோஜனம்? புத்தகம் போச்சே.

— மூக்கைத் துடைங்க. அந்தப் பொத்தான் டப்பாவை இப்படி எடுங்க. அடியில பாருங்க, ஊக்குக்கெல்லாம் கீழ.

— இது உன் பென் டிரைவ்தானே?

— போன வெள்ளிக்கிழமை அந்தப் பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து என் அளவு ஃபைலையெல்லாம் காப்பி எடுத்தேன். பக்கத்துலயே உங்க புத்தகமும் அநாதையாக் கிடந்துச்சு. சேர்த்துத் தூக்கிட்டு வந்துட்டேன். பதினெட்டு அத்தியாயமும் இருக்கு.

— பதினெட்டுமா? அப்படின்னா, கடைசி அத்தியாயத்தை நீ...

— பிரின்ட் எடுத்து அந்தக் கோட்டுப் பையிலயே வச்சிருக்கேன். அன்னிலேர்ந்து தினம் மத்தியானம் நீங்க தூங்கினதும் எடுத்து வாசிக்கிறேன். ஆனா வாசிக்கிறது வேற, நீங்க சொல்லிக் கேக்குறது வேற இல்லீங்களா?