பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும்

தும்பையைப் பாத்தியில் வளர்ப்பது கஷ்டம், மேடம். வரப்பில், சுடுகாட்டு ஓரத்தில் எல்லாம் தானாக வரும். நாம் விதைத்தால் அடம்பிடிக்கும். விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவ வேண்டும். மண் போட்டு மூடினால் வராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் வீணானது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். திண்டுக்கல்லுக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்த் தாவரவியல் படித்தேன். வேலை கிடைக்கவில்லை. சித்தையன்கோட்டைக்கு வெளியே எங்களுக்கு இருந்த துண்டு நிலத்தில் தும்பை போட்டேன். காயவைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாக ஒரு சித்த மருந்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். வெள்ளையாகப் பூத்து நின்றது.

பக்கத்து மல்லிகைத் தோட்டம் பழனிக்குமாருடையது. யாரோ தன் தோட்டத்தில் களை விதைக்கிறார்கள் என்று உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்திருப்பவர். அவர்தான் தன் நிலத்தை உழுத கையோடு எங்கள் துண்டிலும் டிராக்டரை விட்டார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"களையத்தான புள்ள உழுதேன்? களைய வெதச்சு வளக்கவா காலேசுக்குப் போன?"

தோட்டத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். என் அம்மா பேச்சாயியும் அங்கே கூலிக்கு நின்றாள். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் மறுநாள் வேலை இருக்காது.

களை என்றால் எது என்று அவருக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். ரயில் பாதை ஓரத்தில் பார்த்தீனியம் கிடைக்கும். அதற்கும் சின்ன வெள்ளைப் பூதான். இலை கேரட் இலை மாதிரி இருக்கும். அதன் பூந்தூள் இழுப்பு நோய்க்காரர்களுக்கு ஆகாது. பழனிக்குமாருக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. சட்டைப் பையில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே வர மாட்டார். தண்ணீர் பாயும் நாளாகப் பார்த்து அவர் வாய்க்காலில் விதையைத் தூவினேன். அது தும்பை மாதிரி அடம்பிடிக்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. பழனிக்குமார் வரப்பில்தான் நிற்பார். களையெடுப்பது எங்கள் தெருப் பெண்கள், வெறுங்கையால். அந்தச் செடியைப் பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும். அவரோ, அது பூத்துக் கண்ணை உறுத்திய பிறகுதான் ஆள் விடுவார். இதெல்லாம் தெரியாதவள் இல்லை நான். களையெடுத்த கைதான் என்னைப் படிக்க வைத்தது.

அம்மாவுக்கு முதலில் கை வெடித்தது. பிறகு இருமல். ஒருநாள் சோற்றைப் பிசைந்தவள் நிறுத்திக் கேட்டாள்.

"ஏண்டி, அந்தச் செடியாலதான் மூச்சு முட்டுதுன்னு சொல்றாளுக. நெசமா? நீதான செடியப் பத்திப் படிச்சவ."

"இல்லம்மா. பனிக்கு அப்படித்தான் இருக்கும். நீ பாட்டுக்கு வேலைக்குப் போ."

"எம்மகளே சொல்லிட்டா. இனி அவளுக பேச்ச யாரு கேப்பா" என்று சாப்பிட்டாள்.

அப்போதுதான் பழனிக்குமாருக்குப் பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு பூப்பு போதும் என்று பட்டது. எடுத்த வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

போன மார்கழியில், பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அம்மா போய்விட்டாள். பழனிக்குமார் தன் தோட்டத்து மல்லிகையிலேயே மாலை கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று இன்ஹேலரை ஒருமுறை உறிஞ்சிவிட்டுக் கிளம்பினார். இப்போது டவுனில் மகன் வீட்டில் இருக்கிறார். தோட்டத்துக்கு எப்போதாவது வருவார். உடம்பு தேறியிருக்கிறார்.

நான் யாரையும் கொல்லவில்லை, மேடம். செடி வளர்த்தேன். பிடுங்கச் சொன்னது அவர். அம்மாவின் சாவு வீணாகக் கூடாது என்றுதான் இந்த மழைக்கும் விதைத்தேன். பூத்துவிட்டது. அம்மா நின்ற இடத்தில் இப்போது பக்கத்து வீட்டுச் செபாஸ்தியம்மாள் அக்கா களையெடுக்கிறார். நேற்று என்னிடம் வந்து கையைக் காட்டினார். பனிக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.