அண்ணன் பொண்ணு ஜட்ஜு

…அதான் சார் சொல்றேன், ஜட்ஜு ஆவறதுக்குப் பேசாம சாமியாரா போயிடலாம்! சாமியாருன்னா நாலு பேரு குடுக்கற பழத்தயாவது வாங்கித் துன்னலாம். ஜட்ஜு அதுவும் வாங்கக் கூடாதாம்… கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பஸ்ஸுல இந்தப் பக்கம் வெயிலு. எறங்கறது திண்டிவனமா? ஓ, பிரம்மதேசமா! போதும் போதும், அதுக்குள்ள சொல்லிடுவேன்.

மரக்காணத்துல உப்பளம் தட்சணாமூர்த்தின்னா சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும். நாந்தான். எங்க அண்ணன் பொண்ணு கலைமதி, சப் ஜட்ஜு. கேக்க எவ்ளோ நல்லா இருக்குது! பொழப்ப பாத்தாதான் தெரியும் லட்சணம்.

பி.எல். படிச்சா. அப்பறம் திண்டிவனத்துல ஒரு சீனியர் வக்கீல் கிட்ட நாலு வருஷம் கேஸ் கட்டு தூக்குனா. அந்தாளு ஒரு வாய்தா கேக்கக்கூட இவள வாயத் தொறக்க வுடல. எங்ககூட உப்பு மூட்ட தூக்கியிருந்தா தோளாவது ஒரமேறியிருக்கும்! அப்பறம் பரீட்ச. மொத தடவ ஊத்திக்கிச்சி. ரெண்டாந்தடவ பாஸு, முன்சீப்பு ஜட்ஜு! நாங்க குதிச்ச குதி இருக்குதே… தூக்கிப் போட்டான் பாருங்க, ராமநாதபுரம் பக்கம்! சொந்த ஜில்லாவுல போட மாட்டாங்களாம். மூணு வருஷம் ஒரு ஊரு. பையன பள்ளிக்கூடத்துல சேத்து யூனிபாரம் தச்சி வர்றதுக்குள்ள அடுத்த ஊரு. இப்ப சப் ஜட்ஜா தருமபுரிப் பக்கம் இருக்கா. வீட்டுக்காரரு வேற ஊரு. வக்கீலுங்க வீட்டு விசேஷத்துக்குப் போகக் கூடாது, அவங்கிட்ட பேசாத, இவங்கிட்ட சிரிக்காத… இது வேலையா, ஜெயிலா?

அடுத்தது டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜு சார். புரமோஷன் லிஸ்ட்டு வர்ற நேரம்.

சப் ஜட்ஜு ஆனப்ப ஈசிஆர் ரோட்டு மேலயே ஒரு பேனர் வச்சேன். கருப்பு கோட்டுல அவ படம், பக்கத்துல என் படம். என் படத்த பேனர் கடைக்காரன் பெருசா போட்டுட்டான், அதுக்கு நானா பொறுப்பு? அன்னிக்கே போன் பண்ணிட்டா. "சித்தப்பா, மொதல்ல அத எடுங்க." எடுத்துட்டேன் சார், எடுத்துட்டேன்! எடுத்து உப்புக் குவியல் மேல மூடுனேன். மழ வந்தா மூடணும் இல்ல? அவ படம் ரோட்டப் பாத்து இருந்துச்சின்னா அது காத்து பண்ண வேல.

இது பத்தாதுன்னு மணிவண்ணன்னு ஒருத்தன், பக்கத்து உப்பளம். தண்ணி வர்ற வாய்க்கால மறிச்சிட்டான்னு கேஸ் போட்டுட்டு அலையிறேன். அந்தக் கோர்ட்டுக்குப் புதுசா ஒரு முன்சீப்பு வந்தாரு. சின்னப் பையன், ஊருக்குப் புது ஆளு. நம்ம பக்கத்துல புது ஆளு வீட்டுக்கு வெறுங்கைய வீசிக்கிட்டுப் போவமா? நண்டு ரெண்டு கிலோ, உசுரோட எடுத்துக்கிட்டுப் போனேன். "நான் கலைமதி சித்தப்பா"ன்னேன். அவ்ளோதான் சார்! கேஸப் பத்தி ஒரு வார்த்த பேசல. கேஸ் நம்பர மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கூடையில வச்சிருந்தேன். மனுசன் மறந்துடுவாரு இல்ல?

அந்தப் பையன் பட்டுனு கதவ சாத்திட்டான்! கூடை கவுந்து நண்டெல்லாம் வாசல்ல ஓடுது, நான் தொரத்தித் தொரத்திப் புடிக்கிறேன், டவாலி போட்ட பியூனு நின்னு சிரிக்கிறான்…

பத்து நாள்ல எவனோ கலைமதி மேல மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டுட்டான். இன்னிக்கி விசாரண. அதுக்குத்தான் போறேன். எங்க பொண்ணு தங்கம், அடுத்தவன் வீட்டுப் பச்சத் தண்ணி குடிக்க மாட்டான்னு சாட்சி சொல்லணும். எழுதுனவன் அந்த மணிவண்ணன்தான்! வேற எவன்? ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டானே, பாவி!

இந்தாங்க, நோட்டீசு. புகார் நகலும் பின்னாடி இருக்குது, பூரா இங்கிலீசு. ஊர்ல காட்டுனா சிரிப்பானுங்கன்னு எவங்கிட்டயும் காட்டல. கண்ணாடி போட்டிருக்கீங்க, படிச்ச ஆளாத் தெரியறீங்க. கீழ எவன் கையெழுத்து போட்டிருக்கான்னு மட்டும் பாத்து சொல்லுங்க.

கலைமதியா? அது மேல இருக்கும் சார், யாரு மேல புகாரோ அந்தப் பேரு. கீழ பாருங்க.

…கீழதானா? அப்ப மேல?

…என் பேரா?

நல்லா பாருங்க சார். அவளே எதுக்கு…? என்னா எழுதியிருக்கா? "என் பேரச் சொல்லிக்கிட்டு ஜட்ஜு வீட்டுக்குப் போனாரு, சட்டப்படி நடவடிக்க எடுங்க"… சித்தப்பான்னு போட்டிருக்காளா?

…அதையும் போட்டிருக்கா.

நண்டு எடுத்துட்டுப் போன அன்னிக்கி ராத்திரி போன் பண்ணா சார். அழுதா. "பத்து வருஷமா யார் கையாலயும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கல சித்தப்பா"ன்னா. நான் என்னா சொன்னேன் தெரியுமா? "நல்ல நண்டும்மா, ஒண்ணுகூட செத்தது இல்ல"ன்னேன். போன வச்சிட்டா.

நான் பண்ணதுதான். எல்லாம் நான் பண்ணதுதான். அவ என்னா செய்வா, பாவம்?

பிரம்மதேசம் வந்துடுச்சி, எறங்குங்க சார். அந்தக் காயிதத்த குடுத்துட்டுப் போங்க. அவ எழுதுனது அத்தனையும் நெசம்னு சொல்லிடறேன். என்ன வுட்டா அவளுக்கு வேற சாட்சி யாரு இருக்கா?